அடீனியத்தின் அடித்தண்டு ஏன் பருத்திருக்கிறது?

மொட்டைமாடித் தொட்டிகளில் பூத்துக் குலுங்கும் அடீனியம், ஆப்பிரிக்காவின் சாஹேல் பகுதிக்கும் அரேபியத் தீபகற்பத்துக்கும் உரிய செடி. அங்கே மழைக்காலம் குறுகியது, வறட்சி நீண்டது. அதனால் மழை பெய்யும்போதே நீரை உறிஞ்சி, அடித்தண்டிலும் வேரிலும் சேமித்துக்கொள்கிறது. பருத்த அடித்தண்டு அதன் தண்ணீர்த் தொட்டி. கடும் வறட்சியில் இலைகளை உதிர்த்து, நீராவிப்போக்கையும் குறைத்துக்கொள்கிறது.

எப்படி வளர்ப்பது?

தினமும் 6 மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். நிழலில் பூக்கள் குறையும். ஆற்றுமணல், செம்மண், மட்கிய தொழு உரம் கலந்த, நீர் தேங்காத மண் ஏற்றது. மண் நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர் விடுங்கள். ஈரம் தேங்கினால் வேருக்குக் காற்று கிடைக்காது. பூஞ்சை தாக்கி அடித்தண்டு அழுகிவிடும். அடைமழையில் தொட்டியைக் கூரைக்கடியில் நகர்த்துங்கள்.

கிளை நுனியில்தான் பூக்கள் வரும். நுனியை வெட்டிவிட்டால் புதுக்கிளைகள் பிரிந்து, பூக்களும் பெருகும். வெட்டும்போது கையுறை அவசியம். அரளிக் குடும்பத்தைச் சேர்ந்த இதன் பால், இதயத்தைப் பாதிக்கும் நஞ்சு. குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.