போனில் வைஃபை வருது... லேப்டாப்பில் மட்டும் வரலையா? 'ரீசெட்' கொடுக்கும் முன் இதைப் பாருங்க!

காலை 9.45. பத்து மணிக்கு ஆன்லைன் இன்டர்வியூ. சட்டை அயர்ன் பண்ணியாச்சு, ரெஸ்யூமே திறந்து வெச்சாச்சு. ஆனால், லேப்டாப்பின் வலது மூலையில் வைஃபை சின்னம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு உலக உருண்டை. 'நோ இன்டர்நெட்' என்கிறது விண்டோஸ். பக்கத்து ரூமில் தம்பி அதே வைஃபையில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

இந்தப் பதற்றத்தில் பலரும் செய்வது, கண்ணில் படும் பட்டனை எல்லாம் அழுத்துவதுதான். கடைசியில் 'நெட்வொர்க் ரீசெட்' கொடுத்து, சேமித்து வைத்திருந்த வைஃபை பாஸ்வேர்டு எல்லாம் போய், ஆபீஸ் வி.பி.என்னும் வேலை செய்யாமல் முழிப்பார்கள். பெரும்பாலான வைஃபை சிக்கல்களுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையே இல்லை. பழுது எங்கே இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தால் போதும்.

அவசரமா? முதலில் ஒரு கேபிளை எடுங்க

மீட்டிங்குக்கு பத்தே நிமிடம்தான் இருக்கிறது என்றால், அப்போது ரிப்பேர் வேலையில் இறங்காதீர்கள். ஆண்ட்ராய்டு போனை சார்ஜிங் கேபிள் மூலம் லேப்டாப்பில் இணையுங்கள். போன் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பகுதிக்குப் போய் 'யு.எஸ்.பி. டெதரிங்' ஆன் செய்யுங்கள். கேபிள் டேட்டாவையும் கடத்தக்கூடியதாக இருக்க வேண்டும். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள் இதற்கு உதவாது.

இதில் என்ன வசதி? விண்டோஸ் இதை வயர் இணைப்பாகத்தான் பார்க்கும். லேப்டாப்பின் வைஃபை மொத்தமாகப் படுத்திருந்தாலும் நெட் வரும்.

ஒரு எச்சரிக்கை. போன் டேட்டாவுக்கு தினசரி வரம்பு உண்டு என்பது விண்டோஸுக்குத் தெரியாது. பின்னணியில் பெரிய அப்டேட்டை இறக்க ஆரம்பித்தால் அன்றைய டேட்டா காலி. அதனால் 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்' செட்டிங்ஸில் அந்த இணைப்பைத் திறந்து 'மீட்டர்டு கனெக்‌ஷன்' ஆன் செய்துவிடுங்கள். பெரும்பாலான அப்டேட்கள் தள்ளிப்போகும்.

பழுது யாரிடம்?

இன்டர்வியூ முடிந்தது. இப்போது நிதானமாகப் பார்க்கலாம். போனில் மொபைல் டேட்டாவை ஆஃப் செய்துவிட்டு, வைஃபையில் மட்டும் ஏதாவது ஒரு இணையதளத்தைத் திறந்து பாருங்கள். டேட்டாவை ஆஃப் செய்வது முக்கியம். வைஃபை சரியில்லாதபோது பல போன்கள் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்கு மாறிவிடும். 'போன்ல வருதே' என்று நாம் ஏமாந்துபோவது அதனால்தான்.

போனிலும் வரவில்லை என்றால், லேப்டாப் மேல் தப்பு இல்லை. நம் வீடுகளில் 'மோடம்' என்று சொல்கிற அந்தப் பெட்டியைப் பாருங்கள். ஃபைபர் இணைப்பில் 'எல்.ஓ.எஸ்.' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால், கேபிளில் ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். கேபிள் எங்கோ அறுந்திருக்கலாம், அல்லது பின்னால் செருகியிருப்பது நழுவியிருக்கலாம். லேப்டாப்பில் எதைத் தட்டினாலும் இது சரியாகாது. கம்பெனியிடம் புகார் கொடுப்பதே வழி.

சிவப்பு விளக்கு இல்லை என்றால், பவரை ஆஃப் செய்து அரை நிமிடம் கழித்து ஆன் செய்யுங்கள். பெட்டியின் பின்னால் குட்டியாக இருக்கும் 'ரீசெட்' ஓட்டையில் மட்டும் பின்னை விட்டு அழுத்த வேண்டாம். கம்பெனி ஆள் போட்டுவைத்த செட்டிங்ஸ் அழிந்துபோகலாம். பிறகு அவர் திரும்பி வரும்வரை வீடு முழுக்க நெட் இருக்காது.

போனில் வருகிறது, லேப்டாப்பில் மட்டும் இல்லை என்றால், பிரச்னை மூன்று வகையில் ஒன்றாக இருக்கும்.

1. வைஃபை பெயர்களே தெரியவில்லை

முதலில் 'ஏர்பிளேன் மோட்' ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். பல லேப்டாப்களில் கீபோர்டின் மேல் வரிசையில் விமானம் அல்லது ஆன்டெனா படம் போட்ட பட்டன் இருக்கும். தெரியாமல் கை பட்டிருந்தாலே போதும்.

அடுத்து ரீஸ்டார்ட். 'நான்தான் ஷட் டவுன் பண்ணி ஆன் பண்ணேனே' என்பீர்கள். இரண்டும் ஒன்றல்ல. விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி இருக்கிறது. அது ஆனில் இருந்தால், ஷட் டவுன் கொடுக்கும்போது சிஸ்டத்தின் நிலையில் ஒரு பகுதியைச் சேமித்து வைத்து, மறுநாள் அங்கிருந்தே எழுப்பும். டிரைவரில் இருந்த கோளாறும் கூடவே எழுந்துவிடும். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

அப்படியும் வரவில்லையா? ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து 'டிவைஸ் மேனேஜர்' போங்கள். 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' பட்டியலில் வைஃபை சாதனத்தின் பெயரைத் தேடுங்கள். 'டிசேபிள்' ஆகியிருந்தால் 'எனேபிள்' கொடுங்கள். அப்டேட்டுக்குப் பிறகு வந்த சிக்கல் என்றால், பிராப்பர்ட்டீஸில் 'ரோல் பேக் டிரைவர்' கொடுத்து பழைய டிரைவருக்குத் திரும்பலாம். பெயரே இல்லை என்றால், போன் டெதரிங் மூலம் லேப்டாப் கம்பெனியின் இணையதளத்துக்குப் போய் உங்கள் மாடலுக்கான வைஃபை டிரைவரை இறக்குங்கள். புதிதாக விண்டோஸ் போட்ட லேப்டாப்களில் அடிக்கடி நடப்பது இதுதான்.

2. பெயர் தெரிகிறது, கனெக்ட் ஆகவில்லை

ரவுட்டரின் பாஸ்வேர்டை யாராவது மாற்றியிருந்தால், லேப்டாப் பழைய பாஸ்வேர்டையே நினைவில் வைத்துக்கொண்டு முட்டிக்கொண்டிருக்கும். விண்டோஸ் 11-ல் 'செட்டிங்ஸ்', 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்', 'வைஃபை', 'மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸ்' என்ற வரிசையில் போய், அந்தப் பெயருக்கு எதிரே 'ஃபர்கெட்' கொடுங்கள். பிறகு புதிதாகப் பாஸ்வேர்டு போட்டுச் சேருங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் உண்டு. 'கேப்ஸ் லாக்' ஆனில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பழைய லேப்டாப், புது ரவுட்டர் என்றால் இன்னொரு காரணமும் இருக்கலாம். ரவுட்டரில் 'டபிள்யூ.பி.ஏ.3' என்ற புதிய பாதுகாப்பு முறை மட்டும் போடப்பட்டிருந்தால், பழைய வைஃபை கார்டுக்கு அது புரியாது. ரவுட்டர் செட்டிங்ஸில் இரண்டும், மூன்றும் கலந்த முறையைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

3. கனெக்ட் ஆகிவிட்டது, நெட் இல்லை

அதிகம் குழப்புவது இதுதான். இணைந்திருக்கும் வைஃபையின் 'பிராப்பர்ட்டீஸ்' பக்கத்தில் 'ஐ.பி.வி.4 அட்ரஸ்' என்ற எண்ணைப் பாருங்கள். வீட்டு ரவுட்டர்களில் அது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் முகவரி எதுவும் தராததால் லேப்டாப் தானாகவே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். அதே பக்கத்தில் 'ஐ.பி. அசைன்மென்ட்' ஆட்டோமேட்டிக்கில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ரவுட்டரை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள்.

எண் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் வி.பி.என்., பிராக்ஸி இரண்டையும் நிறுத்திப் பாருங்கள். லேப்டாப்பின் தேதியையும் பாருங்கள். தேதி தவறாக இருந்தால், இணையதளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியானது என்று நினைத்து பிரவுசர் திறக்க மறுக்கும். நெட் இருந்தும் 'நெட் இல்லை' என்று தோன்றும்.

பெயருக்குப் பின்னால் '5ஜி'... அது என்ன?

ஒரே ரவுட்டரில் இரண்டு பெயர்கள் தெரியலாம். அதில் உள்ள '5ஜி'க்கும் செல்போன் 5ஜிக்கும் சம்பந்தம் இல்லை. அது 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. வேகம் அதிகம், ஆனால் சுவர் தாண்டினால் பலம் குறையும். மற்றது 2.4 ஜிகாஹெர்ட்ஸ். தூரம் போகும், ஆனால் பக்கத்து வீட்டு வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு என்று அங்கே நெரிசல் அதிகம். ரவுட்டர் இருக்கும் ரூமிலேயே வேலை செய்தால் 5, இரண்டு சுவர் தள்ளி இருந்தால் 2.4 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடிக்கடி கட் ஆகிறது என்றால், பவர் சேவிங் காரணமாக இருக்கலாம். டிவைஸ் மேனேஜரில் வைஃபை சாதனத்தின் பிராப்பர்ட்டீஸில் 'பவர் மேனேஜ்மென்ட்' பகுதி இருந்தால், மின்சாரம் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள்.

எதுவுமே கைகொடுக்கலைன்னா?

அப்போதுதான் 'நெட்வொர்க் ரீசெட்'. இது எல்லா நெட்வொர்க் அடாப்டர்களையும் நீக்கி மறுபடி நிறுவும். லேப்டாப்பும் ரீஸ்டார்ட் ஆகும். அதற்கு முன் 'மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸ்' பக்கத்தில் உங்கள் வைஃபை பாஸ்வேர்டைப் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வி.பி.என். மென்பொருளை மறுபடி நிறுவ வேண்டி வரலாம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆபீஸ் லேப்டாப் என்றால் அந்தப் பட்டனைத் தொடவே வேண்டாம். முதலில் ஐ.டி. டீமுக்கு ஒரு போன் போடுங்கள். என்ன பிரச்னை என்று அவர்கள் கேட்கும்போது, 'நெட் வரலை' என்பதற்குப் பதிலாக 'போன்ல வருது, லேப்டாப்ல கனெக்ட் ஆகுது, ஆனா அட்ரஸ் 169.254-னு காட்டுது' என்று சொல்லிப் பாருங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்திருக்கும்.