இரு செயலிக் கணினியின் மறுசீரமைப்பு: தேய்மானம் பற்றிச் சில குறிப்புகள்

பழைய கணினியைப் பழுதுபார்த்தல் தொழினுட்பவியலாளருக்குரிய விடயமாயிற்றே, தமிழாய்வுச் சஞ்சிகையொன்றில் அதற்கு இடமென்ன என்ற வினா எழுவது இயல்பே. மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் பயிலப்பட்டு வரும் வடமோடி, தென்மோடிக் கூத்துக்களின் பாடங்கள் ஓலையிலிருந்து கொப்பிக்கும், கொப்பியிலிருந்து கணினிக்கும் பெயர்ந்தவை. ஒருங்குறி பரவுவதற்கு முன்னர் ஈழத்தில் தட்டெழுதப்பட்டவற்றுட் கணிசமானவை பாமினி எழுத்துருவில் உள்ளன. உரோமன் எழுத்துக்களுக்குரிய குறியீடுகளின் மீது தமிழ் வடிவங்களை ஏற்றிவைத்த முறை அது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், கூத்தின் வரவுப் பாட்டு பொருளற்ற உரோமன் எழுத்துக் கோவையாகவே தோன்றும். 1978 நவம்பர் சூறாவளியையும் 2004 டிசெம்பர் கடற்கோளையும் கண்ட பிரதேசத்தில், எஞ்சியுள்ள பிரதி எதுவாயினும் அதனைக் காத்தல் ஆய்வாளரின் முதற்கடன். எனவே, பழைய கணினி கைக்கு வந்ததும் வேறெதனையும் தொடுமுன் அதன் வன்தட்டைக் கழற்றி, மாற்றி இணைப்பியொன்றின் மூலம் பிறிதொரு கணினியிற் பொருத்தி, முழுவதையும் படியெடுத்தல் வேண்டும். பாடத்தைக் காக்க இது போதும். அவ்வாறாயின் இயந்திரத்தை என்ன செய்வது? அதுவே இக்கட்டுரையின் பொருள்.

இயந்திரத்தின் தேய்மானம் இருவகைப்படும் என 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதற் பாகத்தில் மார்க்ஸ் விளக்குகிறார். ஒன்று, பொருளாகத் தேய்வது. அது பயன்படுத்துவதாலும் நேரும், பயன்படுத்தாது விடுவதாலும் நேரும். மற்றையது, பெறுமதியாகத் தேய்வது; மலிவானதோ மேலானதோ சந்தைக்கு வந்ததும், கெடாத இயந்திரமும் தன் பெறுமதியை இழந்துவிடுகிறது. கணினியைப் பொறுத்தவரை முதலாவது மெல்ல நிகழ, இரண்டாவது விரைந்து நிகழ்கிறது. 'இது பழசு' என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் சந்தையின் தீர்ப்பையே பௌதிக உண்மையாக மயங்குகிறோம். 2022இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்து, ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவளவுக்கு உயர்ந்தபோது, அத்தீர்ப்பை மறுபரிசீலனை செய்யும் தேவை இலங்கையில் எவருக்கும் விளக்க வேண்டாததாயிற்று.

இரு செயலிகள் பொருந்திய மேசைக் கணினிகளுட் சுவையான வரலாறுடையது, தைவானின் அபிற் நிறுவனம் 1999இல் வெளியிட்ட பீ.பீ.6 என்னும் தாய்ப்பலகை. இன்டெல் நிறுவனம் தனது மலிவான செலறன் செயலியை ஒற்றைப் பயன்பாட்டுக்கென்றே விற்றது. இரண்டை இணைக்க விரும்புவோர்க்கு விலைகூடிய பென்டியம், சியோன் வகைகளை முன்வைத்தது. ஆயினும் அக்காலச் செலறனுக்குள்ளே இணைந்து இயங்கும் ஆற்றல் உறைந்து கிடந்தது. பீ.பீ.6 அதனை எவ்வித ஒட்டுவேலையுமின்றி வெளிக்கொணர்ந்தது. அடுத்து வந்த செலறன் தலைமுறையில் அவ்வாற்றல் இல்லை. உற்பத்திச் சக்தியொன்று விலைப்படிநிலையைப் பேணுவதற்காகக் கட்டிவைக்கப்படுவதற்கு இதனினும் தெளிவான சான்று தேடுதல் அரிது. அபிற் நிறுவனமும் 2008 இறுதியோடு தாய்ப்பலகைத் தொழிலை விட்டது. இன்று இப்பலகைக்குப் புதிய உதிரிப்பாகம் கேட்டுச் செல்ல ஓர் இடமில்லை. பழுதுபார்ப்பவரின் கையே எஞ்சியுள்ளது.

வாவிப் பிரதேசத்தில் பயன்படுத்தாமையால் வரும் தேய்வு கடுமையானது. கடற்காற்றின் உப்பும் வடகீழ்ப் பருவமழைக்கால ஈரமும் இணைப்புத் தகடுகளிற் படிந்து பசுமை பூக்கச் செய்யும். நினைவகத் தகடுகளின் பொன்னிற விளிம்பைப் பென்சிலழிப்பானால் மென்மையாகத் தேய்த்து, தூய அற்ககோலால் துடைத்துப் பொருத்தினாலே 'செத்தது' எனப்பட்ட பல கணினிகள் எழுந்துவிடும். எழாவிடின் செயலிகளுக்கு அருகே உருளை வடிவில் நிற்கும் மின்பகு கொள்ளளவிகளைப் பார்த்தல் வேண்டும்; கடைகளில் இவற்றைக் கப்பாசிற்றர் என்பர். ஏறத்தாழ 1999 முதல் 2007 வரையிற் செய்யப்பட்ட தாய்ப்பலகைகள் பலவற்றில் இவற்றின் உள்ளிருக்கும் திரவம் சிதைந்து வாயு வெளியேறியமையால், தலை வீங்கிக் கசிந்துள்ளன. வீங்கியதை அகற்றி அதே கொள்ளளவும், அதே அல்லது கூடிய மின்னழுத்தமும், 105 பாகை வெப்பம் தாங்கும் தரமும், குறைந்த உள்தடையும் உடைய புதியதைப் பற்றாசு வைத்துப் பொருத்த வேண்டும். நேர், எதிர் முனைகள் மாறினால் வெடித்துவிடும். சில்லறைக் காசளவில் முடிகின்ற இவ்வேலைக்குத் தேவைப்படும் திறன் சில்லறையானதன்று. நம் சமூகம் அதற்குத் தரும் கூலியும் மதிப்பும் வேறு விடயம்.

இயந்திரம் எழுந்தபின் இரு செயலிகளும் வேலை செய்கின்றனவா என்று அறிதல் வேண்டும். இரண்டும் ஒரே வகையினவாக, ஒரே வேகத்தினவாக இருத்தல் நன்று. விண்டோஸ் 98 ஒரு செயலியை மாத்திரமே அறியும். மற்றையது வெறுமனே சூடேறிக் கிடக்கும். விண்டோஸ் 2000 இரண்டையும் கையாளும். லினக்ஸ் 1996இல் வந்த 2.0 பதிப்பிலிருந்து கையாண்டு வருகிறது.

இரண்டிருந்தால் வேகம் இரட்டிக்குமெனக் கருதலாகாது. கல்லடிக் கரையிற் கரைவலை இழுப்பதைக் கண்டோர் இதனை எளிதில் விளங்குவர். வலையின் இரு கயிறுகளையும் இரு குழுவினர் ஒரே காலத்தில் இழுக்கலாம். ஆனால், கடலில் வலையை வளைத்து இறக்கும் தோணி ஒன்றே. கரையில் ஆட்கள் எத்தனை பேர் கூடினாலும் அந்நேரம் குறையாது. ஜீன் அம்டால் 1967இல் முன்வைத்த விதியும் இதுவே. வேலையிற் பாதி பங்கிட முடியாததாயின் இரு செயலிகள் தருவது 1.33 மடங்கு வேகம். பத்திலொன்று மாத்திரம் அவ்வாறாயின் 1.82 மடங்கு.

கட்டற்ற மென்பொருளும் தேய்மான விதிக்குப் புறம்பானதன்று. 2025இல் வெளிவந்த டெபியன் 13, 32 பிட் கணினிகளுக்கான நிறுவியையும் கெர்னல் எனப்படும் கருநிரலையும் கைவிட்டது. இங்கு இலாபமன்றி, பராமரிக்கும் உழைப்பின் பற்றாக்குறையே காரணம், இவ்வேறுபாடு முக்கியமானது. எனவே முந்திய 12ஆம் பதிப்பையே, வரைகலைச் சூழலின்றி நிறுவுதல் பொருந்தும். பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோகும் மென்பொருளாதலின் இணையத்தோடு இணைத்தலாகாது. அத்தகைய கணினியிற் செய்யத்தக்க வேலை, படியெடுத்த பாமினிக் கோப்புக்களை ஒருங்குறிக்கு மாற்றுதல். ஒவ்வொரு கோப்பும் தனித்தனியே மாற்றப்படக்கூடியதாதலால், ஏககாலத்தில் இரு கோப்புக்களை இயக்கினால் இரு செயலிகளும் முழு வேலை பெறும். மாற்றியவற்றை மூலத்தோடு ஒப்புநோக்குகையில் ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு இடம்மாறியுள்ளனவா என்பதைக் கண்ணாலே பார்த்தல் வேண்டும். பாமினியில் இவை எழுத்துக்கு முன்னே தட்டப்பட்டவை.