மலையடி வீடும் மழைநீரும்

குளிர்நாடுகளில் வாசற்பாதையில் உருகும் பனிநீரை உடனே வடித்துவிட வேண்டும். இல்லையேல் இரவில் அது மீண்டும் உறைந்து, காலையில் கால் வைப்பவரை வழுக்கிவிடும். திருவண்ணாமலையில் பனிக்கட்டிக்கு வேலையில்லை. ஆயினும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மலையிலிருந்து வாசலுக்கு இறங்கும் நீரை வடிப்பது இங்கும் சிறிய காரியமன்று.

2024 நவம்பர் 30 இரவு ‘ஃபெஞ்சல்’ புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. உள்நாட்டிலும் பெருமழை கொட்டிற்று. மறுநாள் டிசம்பர் 1 அன்று, அண்ணாமலையின் சரிவில் உள்ள வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடின. ஐந்து சிறுவர் உட்பட ஏழு பேர் மாண்டனர். அந்த ஆண்டு தீபத் திருநாளில் பொதுமக்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை.

‘நனைந்த மண் கனத்தது, அதனால் சரிந்தது’ என்று பலரும் விளக்கம் கூறுவர். இதில் ஓர் இடறல் உண்டு. எடை கூடினால் கீழே இழுக்கும் விசை கூடும் என்பது சரியே. ஆனால் அடிப்பாறையை மண் அழுத்தும் விசையும் அதே விகிதத்தில் கூடுமே! அழுத்தம் கூடினால் உராய்வும் கூடவேண்டும். அப்படியானால் மண் ஏன் நழுவுகிறது?

விடை சமையலறையில் இருக்கிறது. சுடுநீரில் கழுவிய டம்ளரை ஈரமான, வழவழப்பான மேடையில் கவிழ்த்து வையுங்கள். சில வேளைகளில் அது தானாகவே நகரக் காண்பீர்கள். உள்ளே அகப்பட்ட காற்று சூடேறி விரிந்து, டம்ளரை மேல்நோக்கித் தாங்குகிறது. டம்ளரின் எடை குறையவில்லை. மேடைமீது அது ஊன்றும் விசைதான் குறைந்தது. ஹப்பர்ட், ரூபி என்னும் அமெரிக்கப் புவியியல் அறிஞர்கள் 1959-இல் பெரும் பாறைத் தட்டுகளின் நகர்வை விளக்கியபோது, காலி பீர் டப்பா ஒன்றைக்கொண்டு இதே தத்துவத்தைக் காட்டினர்.

மலைச்சரிவில் காற்றின் வேலையை நீர் செய்கிறது. பாறைமீது 3 மீட்டர் கனத்தில் மண் படிந்திருப்பதாகக் கொள்வோம். துளைகளெல்லாம் நீரால் நிரம்பிய நிலையில் அதன் எடை சதுர மீட்டருக்குச் சுமார் 6 டன். அதனுள் நிற்கும் 3 மீட்டர் நீர் அடியில் தரும் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 3 டன். ஆகவே மண் பாறைமீது ஊன்றுவது பாதி எடையோடுதான். கீழே இழுக்கும் விசையோ முழு 6 டன்னுக்கும் உரியது. இழுப்பு கூடி, பிடிப்பு பாதியானால் மண் எப்படி நிற்கும்? அது தாங்கியிருந்த பாறைகளும் உடன் உருளும்.

நீர் உள்ளிறங்க நேரம் பிடிக்கும். ஆதலால் மழை ஓய்ந்த பிறகும் சரிவு நேரலாம். ‘வானம் வெளுத்துவிட்டது’ என்று நிம்மதி கொள்வதற்கில்லை. நிலத்தில் புதிய வெடிப்பு, திடீரெனக் கலங்கி வரும் ஊற்று, சாயும் மரம் அல்லது மின்கம்பம், காரணமின்றி இறுகும் கதவு இவற்றைக் கண்டால் வீட்டைவிட்டு விலகுவதே அறிவுடைமை.

இதே அழுத்தம் தாங்குசுவர்களையும் தள்ளுகிறது. சுவருக்குப் பின்னால் 1 மீட்டர் உயரம் நீர் நின்றால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் அரை டன் தள்ளுவிசை. 2 மீட்டர் நின்றால் 2 டன். உயரம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகிறது. சுவரைத் தடிப்பாக்கி இதை வெல்ல முயல்வது காசுக்குக் கேடு. அடியில் வரிசையாகத் துளைகள் விட்டு, பின்புறம் ஜல்லி நிரப்பினால் நீர் கசிந்து வெளியேறிவிடும். சுவர் அழுக்காகிறதென்று அத்துளைகளைச் சிமெண்டால் பூசுவோரைக் காண்கிறோம். அவர்கள் சுவருக்குப் பின்னால் ஒரு தொட்டி கட்டுகிறார்கள் என்பதே பொருள்.

ரமணாசிரமம் பகுதிக்கு வருவோம். செங்கம் சாலையும் கிரிவலப் பாதையும் மலையின் அடியை ஒட்டிச் செல்கின்றன. மலைநீர் இவற்றைக் கடந்துதான் தாழ்வான இடத்துக்குப் போகவேண்டும். ஒரு ஹெக்டேர் சரிவில் 1 செ.மீ. மழை பெய்தால் ஒரு லட்சம் லிட்டர். பாறையில் அது ஊறாது, அப்படியே இறங்கும். அக்னி தீர்த்தம், சிம்ம தீர்த்தம் போன்ற குளங்கள் மலையடியில் அமைந்திருப்பதன் பயன் இங்கே விளங்கும். 1980-களின் பிற்பகுதியிலிருந்து மலைமேல் மரம் வளர்த்துவருவதும் நீரின் வேகத்தைத் தணிக்க உதவுகிறது.

தெருவுக்கு வந்ததும் நீரை மறிப்பது நம் வாசல் சாய்தளம். வண்டியை உள்ளே ஏற்றுவதற்காகச் சாக்கடையை மூடி, அடியில் ஒரு சிறு குழாயைப் புதைத்துவிடுகிறோம். குழாயின் விட்டத்தைப் பாதியாக்கினால் நீரோட்டமும் பாதியாகும் என்று எண்ணவேண்டாம். பரப்பு கால் பங்காகிறது. உராய்வும் சேரவே, ஓட்டம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகிவிடுகிறது. தெரு முழுவதும் 30 செ.மீ. குழாய் இருந்து, ஒரே ஒரு வாசலில் 15 செ.மீ. குழாய் இருந்தாலும் போதும். மேலே உள்ள வீடுகளெல்லாம் நீரில் நிற்கும். சாய்தளம் வேண்டுமானால், தூக்கி எடுக்கக்கூடிய இரும்புக் கிராதியைச் சாக்கடைமீது இடுவதே மேல். புரட்டாசி முடிவதற்குள் அதைத் தூக்கி, அடியிலுள்ள மண்ணையும் பிளாஸ்டிக் பைகளையும் வாரிவிடலாம்.