எம். ஜே. கோபாலன்

எம். ஜே. கோபாலன் (மொரப்பாக்கம் ஜோசியம் கோபாலன், ஜூன் 6, 1909 - டிசம்பர் 21, 2003) தமிழகத்தைச் சேர்ந்த கிரிக்கெட், ஹாக்கி வீரர். இரு விளையாட்டுகளிலும் இந்தியாவுக்காக ஆடியவர். ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவர்.

இளமை

கோபாலன் செங்கல்பட்டுப் பகுதியிலுள்ள மொரப்பாக்கத்தில் பிறந்து, சென்னை திருவல்லிக்கேணியில் வளர்ந்தார். அவரது பந்துவீச்சுத் திறமையைக் கண்டறிந்தவர் சென்னை அணியின் ஆங்கிலேய ஆட்டக்காரரான சி. பி. ஜான்ஸ்டன். அக்காலத்தில் கிரிக்கெட் ஆடிப் பிழைக்க இயலாது. கோபாலனுக்கு பர்மா ஷெல் நிறுவனத்தில் வேலை கிடைக்க ஜான்ஸ்டன் உதவினார். மாதச் சம்பளம் இருந்ததால் கோபாலனால் விளையாட்டைத் தொடர முடிந்தது.

கிரிக்கெட்

கோபாலன் வலக்கை மித வேகப் பந்துவீச்சாளர். 1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக ஆடியதே அவரது ஒரே டெஸ்ட் போட்டி. அதில் ஒரு விக்கெட் எடுத்தார்.

1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் போட்டி சென்னைக்கும் மைசூருக்கும் இடையே தொடங்கியது. முதல் பந்தை கோபாலன் வீசினார். ஏ. ஜி. ராம்சிங் 11 விக்கெட்டுகள் எடுக்க, போட்டி ஒரே நாளில் முடிந்தது. 130 ரன் எடுத்த சென்னை, இன்னிங்ஸ் மற்றும் 23 ரன் வித்தியாசத்தில் வென்றது.

ஹாக்கியும் 1936-ஆம் ஆண்டும்

கோபாலன் 1935-ல் தியான் சந்துடன் இந்திய ஹாக்கி அணியில் நியூசிலாந்து சென்றார். அடுத்த ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கும் இந்திய கிரிக்கெட் அணியின் இங்கிலாந்துப் பயணமும் ஒரே கோடையில் வந்தன. இரண்டில் ஒன்றுக்கே செல்ல முடியும் என்ற நிலையில் கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார்.

விஜயநகரம் மகாராஜகுமார் தலைமையிலான அந்த அணி மூன்று டெஸ்ட் போட்டிகளில் இரண்டில் தோற்றது. மூன்றில் ஒன்றிலும் கோபாலனுக்கு இடம் கிடைக்கவில்லை. பெர்லினில் இந்திய ஹாக்கி அணி இறுதிப் போட்டியில் ஜெர்மனியை 8-1 என வென்று தங்கம் பெற்றது. ஒலிம்பிக் பதக்கம் பெறும் வாய்ப்பு அவருக்கு மீண்டும் அமையவில்லை. போரினால் 1940, 1944 ஒலிம்பிக் போட்டிகள் நடைபெறவில்லை.

நினைவு

கோபாலன் 1950-களின் தொடக்கம்வரை முதல்தரப் போட்டிகளில் ஆடினார். அவர் பெயரிலான கோபாலன் கோப்பைக்காகச் சென்னையும் இலங்கையும் 1953 முதல் மோதின. 1982-ல் தன் முதல் டெஸ்டை ஆடும் முன்பு, இலங்கை வீரர்கள் தங்கள் திறனைச் சோதித்துக்கொண்ட களங்களுள் அதுவும் ஒன்று. சேப்பாக்கம் மைதானத்தின் வாயில் ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது.