"எந்த ஊர், தம்பி?"

வேலூரில் இருந்து சுமார் 25 கிலோ மீட்டர் தூரம். கணியம்பாடி வழியாகப் பஸ் போகிறது. ஜவ்வாது மலையின் அடிவாரம் வந்ததும் ரோடு காட்டுக்குள் நுழைகிறது. அதுதான் அமிர்தி.

ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் இங்கே வருவார்கள். கையில் கட்டுச்சோறு இருக்கும். வனத்துறையின் சிறிய மிருகக்காட்சிசாலை 1967-ம் ஆண்டு முதல் இங்கே இருக்கிறது. மான் பார்ப்பார்கள். மயில் பார்ப்பார்கள். மாலையில் திரும்பி விடுவார்கள்.

அதற்கு மேலே மலையில் சின்னச் சின்ன ஊர்கள் இருக்கின்றன. சாமையும் தினையும் விளைகிற பூமி. புளியும் பலாவும் தேனும் உண்டு. அங்கே வாழும் பழங்குடி மக்களுக்கு "மலையாளிகள்" என்று பெயர். கேரளத்து மலையாளிகள் என்று நினைத்துவிடக் கூடாது. இவர்கள் மலையில் வாழ்கிறவர்கள். பேசுவது தமிழ்தான்.

அந்த மலையில் இருந்து ஒரு பையன் கல்லூரிக்கு வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் அப்பா கல்லூரிப் படியை மிதித்தது இல்லை. தாத்தா பள்ளிக்கூடமே போனது இல்லை. பையன் பிளஸ் டூ பாஸ். கையில் ஒரு பை. பைக்குள் சாதிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், மார்க் பட்டியல், நாலு போட்டோ.

வேலூர் பஸ் நிலையத்தில் இறங்குகிறான். கல்லூரி வாசலுக்கு வந்து நிற்கிறான். உள்ளே ஆயிரம் பேர். ஒரு முகம்கூடத் தெரியாது.

அப்போது மூத்த மாணவன் ஒருவன் கிட்டே வருகிறான். அவன் என்ன சொல்லப் போகிறான்? பையனின் படிப்பே அந்த முதல் வார்த்தையைப் பொறுத்திருக்கலாம்.

மஞ்சள் மூக்கு!

புதியவனை வாட்டி எடுக்கும் பழக்கம் இன்று நேற்று வந்தது அல்ல. பழைய காலத்துப் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் புது மாணவனுக்கு "மஞ்சள் மூக்கு" என்று பட்டப்பெயர் வைத்தார்கள். முட்டையை விட்டு வெளியே வந்த குஞ்சுக்கு மூக்கு மஞ்சளாக இருக்கும் அல்லவா? அதனால் அந்தப் பெயர். ஜெர்மனியில் இன்னும் மோசம். புதியவன் தலையில் மாட்டுக் கொம்பைக் கட்டி, பிறகு அதை உடைத்து எடுப்பார்கள். அப்போதுதான் அவன் மிருகத்தில் இருந்து மனிதன் ஆனானாம்!

அதற்கும் ஆயிரம் வருஷம் முந்தி, கிரேக்க நாட்டில் ஏதென்ஸ் நகரம் பெரிய கல்வி ஊராக இருந்தது. புது மாணவன் வந்தால் பழைய மாணவர்கள் கேலி பேசுவார்கள். கடைவீதி வழியாக ஊர்வலமாகக் குளிக்கும் கூடத்துக்குக் கூட்டிப் போவார்கள். கூச்சல் போடுவார்கள். கதவைத் தடதடவென்று தட்டிப் பயமுறுத்துவார்கள். பிறகுதான் உள்ளே விடுவார்கள்.

கி.பி. 350-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பேசில் என்ற மாணவர் அங்கே படிக்க வந்தார். அவருக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தவர் கிரிகோரி. இருவரும் இன்றைய துருக்கி நாட்டுப் பக்கத்தவர்கள். கிரிகோரி மற்ற மாணவர்களிடம் போய்ப் பேசினார். "இவரை விட்டுவிடுங்கள்" என்று கேட்டுக்கொண்டார். அவர்களும் விட்டுவிட்டார்கள். பேசில் தப்பினார். இருவரும் இணைபிரியாத நண்பர்கள் ஆனார்கள். பிற்காலத்தில் இருவருமே புகழ்பெற்ற பிஷப்புகள். இந்தக் கதையை எழுதி வைத்தவரே கிரிகோரிதான்.

சிதம்பரத்தில் நடந்தது

எல்லாப் புதியவர்களுக்கும் ஒரு கிரிகோரி கிடைப்பது இல்லை.

1996-ம் ஆண்டு நவம்பர் மாதம். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதல் ஆண்டு மருத்துவ மாணவர் நாவரசு காணாமல் போனார். அவருடைய தந்தை பொன்னுசாமி அப்போது சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். ஒரு துணைவேந்தரின் மகனுக்கே பாதுகாப்பு இல்லை! நாவரசு கொலை செய்யப்பட்டது பின்னர் தெரிய வந்தது. தமிழ்நாடே பதறியது. மூத்த மாணவர் ஒருவர் கோர்ட்டில் சரண் அடைந்தார். வழக்கு வருஷக்கணக்கில் நடந்தது. 2011-ல் சுப்ரீம் கோர்ட்டு அவருக்கு ஆயுள் தண்டனையை உறுதி செய்தது.

அந்தக் கொலையை அடுத்து 1997-ல் தமிழ்நாட்டில் "ராகிங்" தடைச் சட்டம் வந்தது. ராகிங் செய்தால் 2 ஆண்டு வரை சிறை. 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். குற்றவாளி கல்லூரியை விட்டும் போக வேண்டும்.

சட்டம் தடுக்கத்தான் முடியும். "வா தம்பி" என்று கூப்பிட அதற்கு வாய் கிடையாது.

6 பேருக்கு ஒரு அண்ணன்

இதற்கும் ஒரு வழி செய்திருக்கிறார்கள். பலருக்கு இது தெரியாது. பல்கலைக்கழக மானியக் குழு 2009-ல் விதிகள் கொண்டுவந்தது. அதன்படி விருப்பம் உள்ள மூத்த மாணவர்கள் புதியவர்களுக்கு வழிகாட்டிகளாக இருக்கவேண்டும். புது மாணவர்கள் 6 பேருக்கு ஒரு வழிகாட்டி. அந்த வழிகாட்டிகள் 6 பேருக்கு, அவர்களுக்கும் மூத்த ஒருவர் வழிகாட்டி. வீட்டில் பெரியண்ணன், சின்னண்ணன் இருப்பது போல!

விதி நல்ல விதி. காகிதத்தோடு நின்றுவிட்டால் பயன் இல்லை.

இந்த அண்ணனுக்கு என்ன வேலை? மேடையில் மாலை போட்டு வரவேற்பது சுலபம். அது ஒரு நாள் கூத்து. மறுநாள்தான் வேலை ஆரம்பம். எந்தக் கட்டடத்தில் எந்த வகுப்பு? பஸ் பாஸ் எங்கே வாங்குவது? உதவித்தொகைக்கு எப்போது மனுப் போடுவது? இதையெல்லாம் சொல்ல வேண்டும்.

இதில் பணமும் இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் "புதுமைப் பெண்" திட்டம் 2022-ல் தொடங்கியது. பையன்களுக்கு "தமிழ்ப் புதல்வன்" 2024-ல் வந்தது. மலைக் குடும்பத்துக்கு மாதம் ஆயிரம் ரூபாய் சின்னத் தொகை அல்ல. ஆனால் எந்தக் காகிதத்தை எங்கே கொடுப்பது என்று தெரியாதவனுக்கு யார் சொல்வது?

அடுத்தது இங்கிலீஷ். தமிழில் படித்து வந்த பையன் முதல் நாள் வகுப்பில் உட்காருகிறான். பேராசிரியர் இங்கிலீஷில் பேசுகிறார். ஒன்றும் புரியவில்லை. மற்றவர்கள் எல்லாம் தலையை ஆட்டுகிறார்கள். (அவர்களில் பாதிப் பேருக்கும் புரிந்திருக்காது!) "நமக்கு இது சரிவராது. மலைக்கே போய்விடலாம்" என்று மனது சொல்கிறது. அந்த நேரத்தில் அண்ணனின் பழைய நோட்டு ஒன்று கிடைத்தால் போதும். "எனக்கும் முதல் வருஷம் புரியலே" என்று அவன் சொன்னால் அதைவிட மேல்.

மலையில் இருந்து நீதிபதி

ஜவ்வாது மலையில் புலியூர் என்று ஒரு கிராமம். அந்த ஊர்ப் பழங்குடிப் பெண் ஸ்ரீபதி. சட்டம் படித்தார். குழந்தை பெற்ற இரண்டொரு நாளில் சென்னைக்குப் போய்ப் பரீட்சை எழுதினார். 2024-ல் சிவில் நீதிபதியாகத் தேர்வானார். அப்போது அவருக்கு வயது 23. முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் பாராட்டினார்.

மலைப் பிள்ளைகளுக்குப் படிப்பு வராது என்று யாரும் இனிச் சொல்ல முடியாது.

வாசலில்...

மறுபடியும் அந்தக் கல்லூரி வாசலுக்கு வருவோம். பையன் இன்னும் பையோடு நிற்கிறான். மூத்த மாணவன் பக்கத்தில் வந்துவிட்டான்.

"எந்த ஊர், தம்பி?"

"அமிர்தி அண்ணா. அங்கிருந்து மேலே, மலை."

"அவ்வளவு தூரமா? சாப்பிட்டாயா?"

பையன் தலையைக் குனிந்துகொள்கிறான்.

"சரி வா. முதலில் சாப்பிடுவோம். பீஸ் கவுண்டர் இரண்டு மணிக்குத்தான் திறப்பார்கள்."