கேட்கத் தெரிந்த கேப்டன்

தலைமை பழகுவோம் – 7

தலைமைப் பயிற்சி முடித்துப் பணிக்குத் திரும்புகிறவரின் முதல் சிக்கலைச் சென்ற வாரம் பார்த்தோம். படித்து வந்தவர் ஒருவர். அதைச் செயலாக்க வேண்டியதோ மொத்தக் குழு. இந்தச் சிக்கலுக்குத் தெளிவான விடை கண்ட துறை ஒன்று இருக்கிறது: விமானத் துறை. அந்த விடைக்கு உயிர்களை விலையாகக் கொடுத்த துறையும் அதுதான்.

1978 டிசம்பர் 28. அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரை நெருங்கிய யுனைடெட் ஏர்லைன்ஸின் டிசி-8 விமானத்தில், சக்கரங்களை இறக்கியபோது வழக்கத்துக்கு மாறான சத்தம் கேட்டது. சக்கரங்கள் சரியாகப் பூட்டிக்கொண்டனவா என்று பார்ப்பதிலும், பயணிகளைத் தயார்ப்படுத்துவதிலும் கேப்டன் மூழ்கிப்போனார். ஏறக்குறைய ஒரு மணி நேரம் விமானம் வட்டமடித்தது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருப்பது ஃப்ளைட் இன்ஜினீயருக்குத் தெரியும். அவர் சொல்லவும் செய்தார். ஆனால், கேப்டனின் கவனம் திரும்பும் அளவுக்கு அழுத்திச் சொல்லவில்லை. இன்ஜின்கள் நின்றுபோய், விமானம் புறநகர்ப் பகுதியில் விழுந்தது. 189 பேரில் 10 பேர் இறந்தார்கள். அந்த இன்ஜினீயரும் அவர்களில் ஒருவர்.

விசாரணை நடத்திய தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கேப்டனைக் குறை சொன்னதோடு நிற்கவில்லை. கேப்டன்கள் உடன் இருப்பவர்களைக் கலந்து முடிவெடுக்கப் பழக வேண்டும். உடன் இருப்பவர்கள் தயங்காமல் அடித்துச் சொல்லப் பழக வேண்டும். இதற்கு இரு தரப்புக்கும் பயிற்சி தேவை என்றது. தலைவருக்கு மட்டும் தரப்படும் பயிற்சி ஏன் பாதியில் நிற்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை.

1979-ல் நாசா இதற்காக ஒரு பயிலரங்கு நடத்தியது. 1981-ல் யுனைடெட் நிறுவனம் தன் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. ராபர்ட் பிளேக், ஜேன் மௌட்டன் ஆகியோர் நிறுவன மேலாளர்களுக்காக உருவாக்கியிருந்த பயிற்சி முறையே அதற்கு அடிப்படை. நயமாகப் பேசக் கற்றுத்தரும் வகுப்பு என்று விமானிகள் சிலர் கேலி செய்தார்கள். ஆனாலும் அது நிலைத்தது. காரணம், அதை நடத்திய முறை. கேப்டன், துணை விமானி, இன்ஜினீயர் என மொத்தக் குழுவும் சேர்ந்து பயின்றது. பிறகு சிமுலேட்டரில் ஒரு பயணத்தை முழுவதுமாக ஓட்டினார்கள். நடுவழியில் கோளாறுகள் தரப்பட்டன. தாங்கள் நடந்துகொண்ட விதத்தை வீடியோவில் பார்த்துப் பேசினார்கள். ஒரு முறையோடு விடாமல் ஆண்டுதோறும் இதைச் செய்தார்கள்.

1989 ஜூலை 19-ல் இந்தப் பயிற்சிக்குச் சோதனை வந்தது. டென்வரிலிருந்து சிகாகோ சென்ற யுனைடெட்டின் டிசி-10 விமானத்தின் வால்பகுதி இன்ஜின் நடுவானில் சிதறியது. மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் செயலிழந்தன. விமானத்தைத் திருப்ப வழியில்லை, கையேட்டிலும் விடையில்லை. கேப்டன் ஆல் ஹெய்ன்ஸ் தன் குழுவிடம் யோசனை கேட்டார். பயணியாக வந்திருந்த பயிற்சி விமானி டென்னிஸ் ஃபிட்ச் உதவ முன்வந்ததும், தயங்காமல் உள்ளே அழைத்தார். எஞ்சிய இரண்டு இன்ஜின்களின் விசையைக் கூட்டியும் குறைத்தும் விமானத்தைத் திருப்பும் வேலையை ஃபிட்ச் கவனித்தார். நாற்பது நிமிடங்களுக்கு மேல் போராடி, சூ சிட்டி விமான நிலையத்தை எட்டினார்கள். இறங்கும்போது விமானம் உடைந்தது. 296 பேரில் 112 பேர் இறந்தார்கள். 184 பேர் பிழைத்தார்கள். அத்தனை பேர் பிழைக்க அந்தப் பயிற்சி முக்கியக் காரணம் என்று ஹெய்ன்ஸ் பிற்காலத்தில் மேடைதோறும் சொன்னார்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஹெய்ன்ஸ் எல்லோரையும் கேட்டார். ஆனால், முடிவெடுக்கும் பொறுப்பை யாரிடமும் தள்ளிவிடவில்லை. கேட்பதால் அதிகாரம் குறையாது. முடிவெடுக்கத் தேவையான தகவல் தலைவரின் கைக்கு நேரத்தில் வந்து சேரும்.

உங்கள் குழுவில் இதை இப்படித் தொடங்கலாம். பயிற்சியிலிருந்து திரும்பிய வாரமே, அங்கே கற்றதைக் குழுவிடம் சொல்லி, இனி அவர்களிடம் எதிர்பார்ப்பது என்ன என்பதையும் சொல்லுங்கள். கூட்டத்தில் உங்கள் கருத்தைக் கடைசியில் வையுங்கள். புதிதாகச் சேர்ந்தவரை முதலில் பேசவிடுங்கள். கெட்ட செய்தி கொண்டுவருகிறவருக்கு முதலில் நன்றி சொல்லுங்கள். விசாரணை பிறகு இருக்கட்டும். முகம் சுளித்தால், அடுத்த முறை அந்தச் செய்தி உங்களிடம் வராது. ஒவ்வொரு வேலை முடிந்ததும் பத்து நிமிடம் உட்கார்ந்து, எது சரியாக நடந்தது, எது நழுவியது என்று பேசுங்கள். அந்தப் பேச்சை உங்கள் முடிவுகளிலிருந்தே தொடங்குங்கள். நெருக்கடி இல்லாத நாட்களில் இவை பழகிவிட்டால்தான் நெருக்கடியில் கைகொடுக்கும்.

நிறுவன நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தலைமைப் பயிற்சிக்கு மேலாளரை மட்டும் அனுப்பாதீர்கள். அவருடைய குழுவையும் சேர்த்து அனுப்புங்கள்.

(தொடரும்)