எட்டாவது உறுப்பினரின் இலக்குகள்

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குச் செல்வோர் 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தே மேலேற வேண்டும். பெருமழையில் மண் சரிந்து அப்பாதை மூடப்பட்டால், தேநீர்க் கடைக்காரர் முதல் வாடகை வண்டி ஓட்டுநர் வரை பலருடைய வரவும் அன்றே நின்றுவிடும். சமவெளிக்கு வகுத்த வளர்ச்சி அளவுகோல் மலைக்குப் பொருந்துமா என்ற ஐயம் இத்தகைய இடங்களில்தான் எழுகிறது. மாநிலம் முழுவதுமே மலையாக அமைந்துவிட்டால் அந்த ஐயம் இன்னும் வலுக்கும். சிக்கிமின் அனுபவத்தை இங்கு விளக்க முற்படுவது அதனாலேயே.

1975-இல் இந்தியாவின் 22-ஆவது மாநிலமான சிக்கிம், 1972 முதல் ஷில்லாங்கைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிய வடகிழக்கு மன்றத்தில் அப்போது இடம்பெறவில்லை. 2002-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தமே அதனை எட்டாவது உறுப்பினராக்கியது. மற்ற ஏழு மாநிலங்களோடு அதற்கு நில எல்லைகூடக் கிடையாது. இடையில் மேற்கு வங்கத்தின் வடபகுதி நிற்கிறது.

2008-இல் வெளியிடப்பட்ட ‘வடகிழக்குப் பிராந்தியத் தொலைநோக்கு 2020’ என்னும் ஆவணம் எட்டு மாநிலங்களுக்கும் பொதுவான குறிக்கோள்களை வகுத்தது. அவற்றுள் முதன்மையானது, பிராந்தியத்தின் தனிநபர் வருமானத்தை நாட்டின் சராசரிக்கு உயர்த்துவதாகும். சிக்கிம் இந்தக் கோட்டை வெகு விரைவில் தாண்டியது. 2011-12-இல் நாட்டின் சராசரித் தனிநபர் வருமானம் சுமார் 63,000 ரூபாய். சிக்கிமிலோ ஏறத்தாழ 1,58,000 ரூபாய்.

இவ்வெண்ணைப் படிக்கையில் சற்று நிதானம் வேண்டும். மாநிலத்தின் எல்லைக்குள் உற்பத்தியாகும் மதிப்பில் தேய்மானத்தைக் கழித்து, மிஞ்சுவதை மக்கள்தொகையால் வகுத்தால் வருவதே இந்தத் தனிநபர் வருமானம். 2007-ஆம் ஆண்டின் வடகிழக்குத் தொழில் ஊக்குவிப்புக் கொள்கை அளித்த வரிச் சலுகைகளால் மருந்துத் தொழிற்சாலைகள் பல சிக்கிமுக்கு வந்தன. தீஸ்தா நதியில் நீர்மின் நிலையங்கள் எழுந்தன. இவற்றின் இலாபத்தில் ஒரு பங்கு வெளியூர் முதலீட்டாளர்களுக்குச் சென்றாலும், உற்பத்தி மதிப்பு சிக்கிமின் கணக்கிலேயே ஏறும். வகுக்கும் எண்ணோ 2011 கணக்கெடுப்பின்படி 6,10,577 மட்டுமே. ஆகவே, சராசரி உயர்ந்த அளவுக்கு ஒவ்வொரு குடும்பத்தின் சேமிப்புக் கணக்கும் உயர்ந்திருக்கும் என்று கொள்ளலாகாது. வங்கித் தொழிலில் இருப்போருக்கு இது புதிதன்று: ஒரு கிளையின் மொத்த வைப்புத்தொகை பெரிதாயிருப்பதும், அக்கிளையின் எல்லா வாடிக்கையாளர்களும் செழித்திருப்பதும் வெவ்வேறு செய்திகள்.

எழுத்தறிவுக் கணக்கை நாம் கூடுதலாக நம்பலாம். அது மக்களைத் தலையெண்ணிப் பெறப்பட்டது. ஆலையின் உற்பத்தி அதில் கலப்பதில்லை. 2001-இல் 68.8 விழுக்காடாக இருந்த சிக்கிமின் எழுத்தறிவு, 2011-இல் 81.4 விழுக்காடாயிற்று. அப்போதைய தேசிய அளவு சுமார் 73.

பிராந்தியத் திட்டத்திற்கு முன்பே சிக்கிம் தானாக வகுத்துக்கொண்ட இலக்கும் ஒன்றுண்டு. மாநிலம் முழுவதையும் இயற்கை வேளாண்மைக்கு மாற்றுவதென 2003-இல் சட்டமன்றம் தீர்மானித்தது. 2010-இல் அதற்கெனத் தனி இயக்கம் தொடங்கியது. 2016 ஜனவரியில் சிக்கிம் நாட்டின் முதல் முழுமையான இயற்கை வேளாண் மாநிலமாக அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 75,000 ஹெக்டேர் நிலம் இதில் அடங்கும். எனினும் சான்றிதழ் பெற்ற ஏலக்காயும் இஞ்சியும் சிலிகுரிச் சந்தையை அடைய, மண்சரிவுக்கு அடிக்கடி ஆளாகும் தீஸ்தாக் கரைச் சாலையையே நம்பவேண்டியுள்ளது. பொன்முடிக் கடைக்காரருக்கு இந்தக் கவலையை எவரும் விளக்க வேண்டியதில்லை.

இன்னும் பெரிய இடர் 2023 அக்டோபரில் நேர்ந்தது. தெற்கு லோனாக் பனி ஏரி உடைந்து பெருகிய வெள்ளம் சுங்தாங்கிலிருந்த அணையை அடித்துச் சென்றது. அங்கு 2017-இல் இயங்கத் தொடங்கிய 1,200 மெகாவாட் மின்நிலையம் முடங்கியது, பலர் உயிரிழந்தனர், பாலங்களும் சாலைகளும் அழிந்தன. சராசரியை உயர்த்திய அதே நதியின் இடர், இலக்குகளை வகுத்தபோது எவ்வளவு கணக்கில் கொள்ளப்பட்டது என்று கேட்பது நியாயமே.

போக்குவரத்து இலக்கு மெதுவாகவே நகர்கிறது. பாக்யோங் விமான நிலையம் 2018-இல் திறக்கப்பட்டும், வானிலையால் சேவை பலமுறை தடைப்பட்டது. சிவோக்–ரங்போ ரயில் பாதைக்கு 2009-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அதன் நீளம் சுமார் 45 கிலோமீட்டர்தான். பெரும்பகுதி மலையைக் குடைந்த சுரங்கங்களின் வழியே செல்கிறது.